இருமுகமும் ஒருமனமும்

‘இருமுகம்’ என்னும் சொல்லைத் தமிழர் நல்ல பொருளில் ஆளுவது அரிது. உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக வாழ்பவனை உலகம் இருமுகத்தான் என்று இகழ்கிறது. வள்ளுவப் பெருந்தகை புறங்கூறாமை, கூடாவொழுக்கம், கூடா நட்பு என மூன்று அதிகாரங்களில் இக்குற்றத்தின் மூன்று வடிவங்களைக் கடிந்துரைத்தார். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்னும் பழமொழியும் இரண்டிடத்தும் நிற்க முயல்பவனை எள்ளி நகையாடுகிறது. ஆகவே, ஒருமுகமே வாய்மை, இருமுகம் பொய்ம்மை என்னும் முடிவு மக்கள் மனத்தில் எளிதாக வேரூன்றிவிட்டது. அம்முடிவு முற்றிலும் சரியானதுதானா? இரண்டு முகம் உடைமையே குற்றமா? அன்றி, இரண்டில் ஒன்றை மறைத்தல்தான் குற்றமா? இவ்வினா ஆராயத்தக்கது.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட் சிறுநகரை அடுத்துக் கிடக்கும் பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்த இடம். தேயிலையும் காய்கறியும் பூச்செடியும் விளையும் மண். அங்கு வளரும் தமிழ் மாணவன் ஒருவனை நினைத்துப் பார்க்கலாம். தாயோடு அவன் தமிழ் பேசுகிறான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பாடம் கேட்கிறான். காய்கறி எடுக்க வரும் சீன வியாபாரியிடம் சந்தை மலாயில் விலை பேசுகிறான். மலைகாண வரும் பயணிக்கு ஆங்கிலத்தில் வழி சொல்கிறான். மாமன் வீட்டார், “இவன் தமிழனாகவே இல்லை” என்கின்றனர். வெளியிலோ, “இவன் இன்னும் தோட்டத்தை விட்டு வரவில்லை” என்கின்றனர். மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி. ‘எந்த முகம் என் முகம்?’ என்னும் ஐயம் அவனை வாட்டுகிறது. அவ்வையத்திற்கு விடை தேடுவோர் அறநூல்களோடு அவன் காலடியில் கிடக்கும் மண்ணையும் சற்றே படித்தல் தகும்.

கேமரன் மலையின் அடித்தளம் கருங்கற்பாறை. பன்னெடுங்காலம் மழையில் நனைந்து நனைந்து அப்பாறை சிதைந்தபோது தோன்றிய களிமண் வகைகளுள் தலையாயது கயோலினைட்டு. சீனத்தில் பீங்கானுக்கு மண் தோண்டப்பட்ட காவ்லிங் என்னும் இடத்தின் பெயரே இதற்கு மூலம். ‘உயர்ந்த முகடு’ என்பது அப்பெயரின் பொருள். இக்களிமண்ணின் நுண்ணிய துகள் ஒவ்வொன்றும் மெல்லிய ஏடுகள் அடுக்கிய சுவடி போன்றது. ஓர் ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அந்த ஏட்டின் ஒரு முகம் சிலிக்காவினால் ஆயது. மறு முகம் அலுமினியமும் ஹைட்ரஜனும் உயிர்க்காற்றும் கூடி ஆயது. ஏட்டின்மேல் ஏடு அமரும்போது, ஒன்றன் சிலிக்கா முகமும் மற்றொன்றன் அலுமினிய முகமும் எதிரெதிரே வந்து ஹைட்ரஜன் பிணைப்பினால் பற்றிக்கொள்கின்றன. இரு முகமும் வேறுபட்டிருப்பதனால்தான் அப்பிடிப்பு உண்டாகிறது.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை உள்ள மண் அதற்கு உகந்தது. அந்த அளவில், ஈரத்தில் கிடக்கும் கயோலினைட்டுத் துகளின் சிலிக்கா முகம் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அலுமினிய முகம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. எனவே தனித்தனித் துகள்களும் ஒன்றையொன்று நாடிக் கூடுகின்றன. புளிப்பு நீங்கிக் காரம் மிகுந்தால், அலுமினிய முகமும் எதிர்மின்னூட்டமே பெற்றுவிடுகிறது. அப்போது துகள்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து, நீரில் கலங்கி மிதக்கின்றன. இரு முகமும் ஒன்றுபோல் ஆகிவிட்ட நிலையில்தான் கூட்டம் கலைகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதற்கு எதிர்ச்சான்று தமிழகத்து மண்ணிலேயே உண்டு. கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளின் கரிசல் மண்ணில் மிகுந்திருப்பது வேறொரு களிமண். அதன் ஏட்டுக்கு இருபுறமும் சிலிக்கா முகமே. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே அத்தகைய பிடிப்பு இன்மையால் மழைநீர் இடையே புகுந்து மண்ணை உப்ப வைக்கிறது. கோடையில் நீர் நீங்கியதும் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. இதனால் கரிசலைத் தாழ்த்திவிடுதல் கூடாது. நீரை நெடுநாள் தேக்கிப் பருத்தியை வளர்ப்பது அம்மண். ஒருமுகத்திற்கு ஒரு சிறப்பு, இருமுகத்திற்கு ஒரு சிறப்பு என்பதே இயற்கை கூறும் செய்தி. ஒன்று மட்டுமே அறம் என்று இயற்கை யாண்டும் கூறவில்லை.

இயற்கை செய்து வைத்ததை மனிதன் தன் கையாலும் செய்து பார்த்தான். நீரில் கரையாமலும் எளிதில் அடியில் தங்காமலும் மிதக்கும் நுண்துகள்களின் கலவையைக் கூழ்மம் என்பர். 1861ஆம் ஆண்டில் தாமசு கிரகாம் என்னும் அறிஞர் இவ்வகைப் பொருள்களுக்குத் தனிப்பெயர் வகுத்தார். பாலும் கூழ்மமே, கேமரன் மலையில் காலையில் இறங்கும் மூடுபனியும், காற்றில் நீர்த்துளி மிதக்கும் ஒருவகைக் கூழ்மமே. 1988ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மிகச் சிறிய கண்ணாடி மணிகளை எடுத்து, பாதியைப் பூச்சினால் காத்து, மறுபாதியை மட்டும் நீரை வெறுக்குமாறு மாற்றினர். இரண்டு திசையும் நோக்கும் உரோமர்களின் வாயில் தெய்வமான ஜானுசின் பெயர் அம்மணிகளுக்கு இடப்பட்டது. ஆண்டின் முதல் திங்களாகிய ஜனவரிக்கும் அத்தெய்வத்தின் பெயரே அடிப்படை. எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் அம்மணி, ஒரு பாதியை எண்ணெயிலும் ஒரு பாதியை நீரிலும் வைத்து நிலைத்து நின்றது. பழமொழி பழித்த அதே நிலைதான். ஆயின் அம்மணி எதிலும் மூழ்கவில்லை.

1991ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்ற பியர் கில் டி ஜென், தம் பரிசுரையில் இவ்விருமுக மணிகளைச் சிறப்பித்துப் பேசினார். இவை நீர்ப்பரப்பில் நெருங்கித் தோல்போல் பரவினாலும், மணிக்கும் மணிக்கும் இடையே சிறு வெளி இருக்கும். ஆதலால் அத்தோல் மூச்சுவிடும் என்பது அவர் கருத்து. எல்லையில் நிற்பது, எல்லையை அடைத்துவிடுவதாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் கிரானிக் குழுவினர் மற்றொன்று செய்தனர். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நெகிழி மணிகளின் இரு முனைகளையும் நீரை வெறுப்பனவாக ஆக்கி, நடுப்பட்டையை மட்டும் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் உடையதாக விட்டனர். தூய நீரில் அவை விலகியே நின்றன. நீரில் சிறிது உப்பு சேர்த்ததும் விலக்கம் தணிந்தது. முனையோடு முனை சேர்ந்து, முக்கோணமும் அறுகோணமும் மாறிமாறி வரும் ஒரு வலைப்பின்னல் தானே தோன்றியது. கண் விட்டுப் பின்னும் மூங்கில் கூடையின் அமைப்பு அது. சப்பானிய மொழியில் அதனைக் ‘காகோமே’ என்பர்: ‘காகோ’ என்றால் கூடை, ‘மே’ என்றால் கண். கொழுந்துக் கூடையைப் பல தலைமுறை முதுகில் சுமந்த மக்களுக்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது.

கூடையை முடைய ஒரு கை வேண்டும். இம்மணிகளையோ எந்தக் கையும் முடையவில்லை. நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள் ஒருபோதும் ஓய்ந்திராது. 1827இல் இராபர்ட்டு பிரவுன் உருப்பெருக்கியின் வழியாக அவ்வோயா நடுக்கத்தைக் கண்டார். நீர்மூலக்கூறுகள் எப்பக்கமும் மோதுவதனால் அது நிகழ்கிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அந்த அலைச்சலில் மணிகள் எண்ணற்ற முறை மோதுகின்றன. பொருந்தாத முகங்கள் பிரிகின்றன. பொருந்திய முகங்கள் நிலைக்கின்றன. தானே கூடி அமைதல் என்பதன் இரகசியம் இவ்வளவே. துகளுக்குத் தன் முகம் இருத்தல் வேண்டும். அசையும் உரிமை இருத்தல் வேண்டும். சூழ்ந்திருக்கும் நீர்மம் விலக்கத்தைத் தணிப்பதாக அமைதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒழுங்கு பிறவாது.

இதே செயலை ரிங்லெட் உணவுக்கடையின் தே தாரிக்கிலும் காணலாம். தேநீரையும் பாலையும் உயரத் தூக்கி ஆற்றும்போது எழும் நுரை உடனே அடங்குவதில்லை. பாலிலுள்ள புரதத்தில் நீரை நாடும் பகுதியும் உண்டு, நீரை வெறுக்கும் பகுதியும் உண்டு. அது முன்னதை நீர்ப்பக்கமும் பின்னதைக் காற்றுப்பக்கமும் திருப்பிக் குமிழியின் சுவராக நிற்கிறது. நீரை மட்டும் நாடும் பொருளால் அந்தச் சுவரைக் கட்ட இயலாது. சர்க்கரை நீரில் முற்றக் கரைந்துவிடும்; இனிப்புத் தரும்; ஆனால் குமிழியின் எல்லையில் காவல் நிற்காது.

தமிழாசிரியர்கள் இவ்வுண்மையைத் தத்தம் வகுப்பறையில் நாள்தோறும் கற்பித்தே வருகின்றனர். ‘வந்தவனைக் கண்டேன்’ என்னும் தொடரில் ‘வந்தவனை’ என்பது வினையாலணையும் பெயர். காலம் காட்டுவதால் அது வினையின் முகம் உடையது. வேற்றுமை உருபு ஏற்பதால் பெயரின் முகம் உடையது. ஒருவன் வந்த செய்தியையும் அவனைக் கண்ட செய்தியையும் ஒரே தொடராகப் பிணைக்க வல்லது அவ்விருமுகச் சொல்லே. அச்சொல்லை ‘நீ பெயரா, வினையா? ஒன்றைச் சொல்’ என்று எந்த இலக்கண ஆசிரியரும் அதட்டியதில்லை. சிலேடையும் அத்தகையதே. பாம்பிற்கும் எலுமிச்சம்பழத்திற்கும் பொருந்த ஒரே பாட்டைக் காளமேகப் புலவர் பாடினார். இரு பொருளும் கேட்போர்க்குத் திறந்திருப்பதனால் அது சொல்லணி ஆயிற்று. ஒரு பொருளைக் காட்டி மறு பொருளை ஒளித்து, கேட்டவனை ஏமாற்றியிருந்தால் அதற்கு வஞ்சகம் என்பதே பெயர்.

குற்றத்தின் எல்லைக்கோடு இங்கே புலனாகிறது. வள்ளுவர் கடிந்த மாந்தனுக்கு உண்மையில் இரண்டு முகம் இல்லை. அவனுக்கு உள்ளது ஒரே முகம், அது தன்னலம். அதன்மேல் அவன் ஆளுக்கொரு வேடம் அணிகிறான். காண்பவர் மாறினால் வேடமும் மாறுகிறது. இருமுகத் துகளோ நீரின் முன்னிலையிலும் எண்ணெயின் முன்னிலையிலும் அதே இரு முகங்களையே உடையது. நீரிடம் தான் முழுவதும் நீர்க்குரியது என்று அது நடிப்பதில்லை. தாயிடம் தமிழும் ஆசிரியரிடம் மலாயும் பேசுகிற மாணவன் இவருள் எவரை ஏமாற்றுகிறான்? தாய் முன்னிலையில் மலாயை இழித்தும், நண்பர் முன்னிலையில் தமிழை இழித்தும் பேசத் தொடங்கும் நாளில்தான் அவன் அறத்தினின்றும் வழுவுகிறான். ஒன்றன் முன் மற்றொன்றை மறைக்க வெட்கம் தூண்டும்போது அவன் கவனமாக இருத்தல் வேண்டும். இருமுகம் வேடமாக மாறும் இடம் அதுவே.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். துகளுக்கு மனம் இல்லை. நன்றும் தீதும் அறியாது. அதனைக் காட்டி மனிதனுக்கு அறம் உரைப்பது முறையா? இத்தடை புறக்கணிக்கத்தக்கது அன்று. லெம்பா பெர்த்தாம் அதன் வலிமையைத் துயரத்தோடு அறிந்த ஊர். பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ரிங்லெட்டில் 1963ஆம் ஆண்டில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள சரிவுகளில் காடு அழிந்து மண் திறந்தபோது, வேரும் சருகும் இரும்புத்துருவும் களிமண்ணும் சேர்ந்து பிடித்திருந்த நிலம் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கியது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பங்கைச் சேறு விழுங்கியது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலையில், பெருமழைக்குப்பின் அணையிலிருந்து நீர் வெளியேற்றப்பட்டபோது, கீழே உள்ள லெம்பா பெர்த்தாமை வெள்ளமும் சேறும் சூழ்ந்தன. வீடுகள் சிதைந்தன, உயிர்கள் மாய்ந்தன. மலையில் கூடி நின்ற அதே துகள்கள்தாம் அணையிலும் கூடிப் படிந்தன. எங்கே கூடினால் நன்மை, எங்கே கூடினால் தீமை என்று துகள் கேட்பதில்லை.

ஆகவே, இயற்கையினிடமிருந்து அறத்தை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. கூடுதல் அனைத்தும் நன்று என்றோ, தானே அமைந்தவை அனைத்தும் நல்லன என்றோ கொள்ளுதல் பேதைமை. எதற்காகக் கூடுகிறோம் என்று கேட்கும் மனம் மனிதனுக்கு மட்டுமே உரியது. முகம் இரண்டாக இருக்கலாம். அவ்விரண்டையும் ஆளும் மனம் ஒன்றாதல் வேண்டும். எனினும், துகள் கற்பிக்கும் ஒரு பாடம் இத்தடையால் அழிவதில்லை. கலங்கிய நீரைக் கண்டு துகளைப் பழிப்பார் இல்லை. சரிவைத் திறந்துவிட்டவர் யார் என்றே அறிவுடையோர் கேட்பர். துகள் கூடுவதும் பிரிவதும் சூழ்ந்திருக்கும் நீர்மத்தைப் பொறுத்தன. மாணவன் தமிழ் முகத்தை மறைக்கத் தொடங்கினால், பழி முழுவதையும் அவன் தலையில் சுமத்துவோர், அவனைச் சூழ்ந்திருந்த நீர்மம் எத்தகையது என்பதையும் கேட்டல் கடமையன்றோ? வீட்டில் தமிழ் நூல் இருந்ததா? அவன் பிழையாகப் பேசியபோது பெரியோர் திருத்தினரா, சிரித்தனரா?

தோட்ட வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை தோன்றியது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியே ஆள்கட்டி அனுப்பும் முறை, 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு நிறுத்தப்பட்ட வரிசை மேலிருந்து வந்த ஆணையால் அமைந்தது. அதே மக்கள் மாலையில் கோயிலடியில் கூடினர். லயத்தில் ஓர் இழவு விழுந்தால் யாரும் அழைக்காமலே ஊர் திரண்டது. ஆணையால் நின்ற வரிசை வேலை முடிந்ததும் கலைந்தது. தானே அமைந்த கூட்டம் கோயிலையும் பள்ளியையும் சங்கத்தையும் காத்து நின்றது. சாதியும் ஊரும் வேறான குடும்பங்கள் அங்கே ஒன்றுபட்டதற்கு, பொதுத்துயர் என்னும் உப்பு விலக்கத்தைத் தணித்தது ஒரு காரணம் எனலாம்.

இன்று அந்த நீர்மம் மாறிவிட்டது. தேயிலைச் சரிவுகளில் உழைப்போருள் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்ப்பிள்ளைகளுள் பலர் ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றுவிட்டனர். பழைய துயர் குறைந்தது நல்லதே. அத்துயர் தந்த ஒட்டுதலுக்கு ஈடாகப் புதிய ஒட்டுதல் எதனால் உண்டாகும் என்பதே இனி எழும் வினா. பிள்ளையின் ஒரு முகத்தை உரித்தெறிந்து அவனை ஒருமுகத்தான் ஆக்குவதால் அஃது உண்டாகாது. இரு முகமும் ஒன்றானபின் களிமண் துகள்கள் விலகி மிதந்ததை முன்னரே கண்டோம்.

ஆசிரியரின் பணி இங்கேதான் உள்ளது. ‘எந்த முகம் என் முகம்?’ என்று ஐயுறும் மாணவனுக்கு, இரண்டும் உன்னுடையனவே, இரண்டையும் நாணமின்றிக் காட்டு, இரண்டாலும் பிறரைப் பற்றிக்கொள் என்று சொல்ல வேண்டியவர் அவர். சொல்வதோடு அமையாது, அச்சொல் மெய்யாகும் சூழலை வகுப்பறையில் உண்டாக்க வேண்டியவரும் அவரே. லெம்பா பெர்த்தாமின் சரிவில் பனி விலகும் வேளையில் பள்ளிக்கு இறங்கும் சிறுவனின் காலணியில் சிறிது களிமண் ஒட்டியிருக்கும். அதை உதறிவிடும் முன் அவன் ஒருமுறை குனிந்து பார்த்தல் நன்று.